பன்னிரண்டு வயது உட்பட

"அந்தக் காலத்தில் பேருந்தில் சும்மாவே போய் வந்தோம்" என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் நான் திருத்திவிடுவது வழக்கம். சும்மா யாரும் போகவில்லை. கட்டணம் இருந்தது, கொடுத்துத்தான் போனோம். முழுச்சீட்டு பத்துக் காசு, அரைச்சீட்டு ஐந்து காசு. குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களிடம் நான் பணப்பையையும் ஒப்படைக்க மாட்டேன், ஒரு வாக்கியத்தையும் ஒப்படைக்க மாட்டேன்.

ஐந்து காசுக்கு அன்றும் கடையில் ஒரு பென்சில் வாங்க முடியாது. அதே ஐந்து காசு எங்கள் தெருமுனையில் என்னை ஏற்றிக்கொண்டு, சந்தையைச் சுற்றி, ஆற்றுப்பாலத்தைத் தாண்டி, பள்ளியின் வாயிலில் இறக்கிவிடும். கையில் விரல் அகலத்துக்கு ஒரு தாள் மிஞ்சும். முழுச்சீட்டு வெள்ளை, அரைச்சீட்டு இளஞ்சிவப்பு. இறங்கும்வரை அந்தத் தாளைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வாயில் கவ்வக் கூடாது, புத்தகத்துக்குள் செருகக் கூடாது, சுருட்டிக் காதில் வைக்கக் கூடாது. சட்டத்தை இயற்றியவர் என் தந்தை. அவர் அந்தப் பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகர்.

நடத்துநர்கள் அவருக்கு 'முற்றுப்புள்ளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஏறினால் வண்டிக்குள் பேச்சு நின்றுவிடும் என்பதால் வந்த பெயர். யாரோ அதை அவர் காதில் போட்டபோது, "காற்புள்ளின்னு வைக்காம விட்டாங்களே, அந்த மட்டுக்கும் நல்லது" என்றார். சிரித்தாரா என்று எனக்கு நினைவில்லை. அவர் சிரிப்பது அப்படி நினைவில் தங்கும் அளவுக்கு நீளாது.

ஊழியர்களின் பிள்ளைகளிடம் நடத்துநர்கள் காசு வாங்குவதில்லை. அது எழுதப்படாத சலுகை. எழுதப்படாத எதிலும் என் தந்தைக்கு நம்பிக்கை கிடையாது. ஆகவே நான் மட்டும் காசை நீட்டிச் சீட்டைக் கேட்டு வாங்குவேன். "செக்கர் பொண்ணுகிட்டயே காசு வாங்குறானே, இவன் மனுஷனா?" என்று புதிய பயணிகள் நடத்துநரைத் திட்டுவார்கள். நடத்துநர் என்னைக் காட்டி, "நான் வாங்கலேன்னா இது வண்டியை விட்டு இறங்காது சார்" என்பார்.

காலையில் நான் செல்லும் வண்டியின் நடத்துநரை 'ரேடியோ' என்பார்கள். நிறுத்தங்களின் பெயரை மட்டும் அறிவிப்பது அவருக்குப் போதாது. எந்த நிறுத்தத்தில் எந்தக் கடை திறந்திருக்கிறது, யார் வீட்டில் யாருக்கு வயிற்றுவலி என்பதுவரை ஒலிபரப்பாகும். நல்லவர். ஒழுங்கு மட்டும் சற்றுக் குறைவு. என் தந்தை அவர்மேல் இருமுறை குறிப்பு எழுதியிருந்தார். ஒருமுறை, காசில்லாத முதியவர் ஒருவரைச் சீட்டில்லாமல் ஏற்றிச் சென்றதற்காக. மறுமுறை, கதை பேசிக்கொண்டே மூன்று நிறுத்தங்கள் வரை சீட்டுக் கணக்கான பயணத்தாளை எழுதாமல் விட்டதற்காக. மூன்றாவது குறிப்பு வந்தால் வேலை போய்விடும் என்பது பணிமனையின் விதி. ரேடியோவின் சம்பளத்தில் அவர் வீட்டில் ஆறு பேர் சாப்பிட்டார்கள். இது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கும் அவரே சொல்லியிருப்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த நாள் ஒரு பள்ளி வேலைநாள். அம்மா ஆயத்த ஆடைக் கூடத்தில் காஜா எடுப்பவர். அதாவது சட்டைப் பொத்தான் நுழையும் துளைகளுக்கு ஓரம் தைப்பவர். காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் என் உள்ளங்கையை விரித்து ஒரு பத்துக் காசை வைத்து மூடினார்.

"இன்னிலேருந்து நீ முழு டிக்கெட். கூனாம நில்லு."

எனக்குக் கிடைத்த பிறந்தநாள் பரிசுகளில் இன்றுவரை நான் மதிப்பது அந்த வாக்கியத்தைத்தான். அதுவரை நான் பாதி. இளஞ்சிவப்புத் தாளில் பயணம் செய்யும் பாதி. இனி வெள்ளைத் தாள். நிறுத்தத்தில் நின்றபோது என் நிழல்கூட அன்று சற்று நீளமாகத் தெரிந்தது.

வந்தது புதிய வண்டி. முந்தைய வாரந்தான் ஓடத் தொடங்கியிருந்தது. இருக்கைகளில் இன்னும் சாய வாசனை போகவில்லை. பழைய வண்டிகளில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள பலகையில், 'பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்க்கு அரைக்கட்டணம்' என்று முழுமையாக எழுதியிருக்கும். புதிய வண்டியில் அந்த இடத்தில் பாதியை அவசர வழி அறிவிப்பு பிடித்துக்கொண்டது. ஓவியர் இருந்த இடத்துக்குள் வாக்கியத்தை அடக்க நினைத்திருக்கிறார். எழுத்தைச் சிறிதாக்குவதற்குப் பதில் சொல்லைச் சிறிதாக்கிவிட்டார்.

'பன்னிரண்டு வயது உட்பட சிறுவர்க்கு அரை கட்டணம்.'

ரேடியோ என்னிடம் வந்தார். நான் பத்துக் காசை நீட்டி, "முழு டிக்கெட் ஒண்ணு" என்றேன். 'முழு' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

"யாருக்கு? கூட யாராவது வந்திருக்காங்களா?"

"எனக்குத்தான். இன்னிக்குப் பன்னெண்டு முடிஞ்சிருச்சு."

"அடடே! எல்லாரும் கேளுங்கப்பா, பாப்பாவுக்குப் பொறந்தநாள்!" என்று வண்டி முழுவதற்கும் அறிவித்துவிட்டு, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஆனா முழு டிக்கெட் கிடையாது. அங்கே மேலே என்ன எழுதியிருக்கு, படி."

ஏறியவுடனே படித்திருந்தேன். எழுதியிருக்கும் எதையும் படிக்காமல் கடந்து போக எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

"அதுல தப்பு இருக்கு. 'அரை'க்கும் 'கட்டண'த்துக்கும் நடுவுல ஒரு க் விட்டுப் போச்சு. க் இல்லேன்னா 'அரை'ங்கிறது கட்டளை ஆயிடும்."

"எதை அரைக்கச் சொல்லுது?"

"கட்டணத்தை."

"காசைக் கல்லுல போட்டு அரைச்சா என்ன வரும்? உங்கப்பாதான் வருவாரு!" வண்டி சிரித்தது. "அந்தக் க் கெடக்கட்டும். முன்னால என்ன போட்டிருக்கு?"

"பன்னிரண்டு வயது உட்பட."

"உட்படன்னா?"

"அதையும் சேர்த்து."

"அப்போ பன்னெண்டும் சேர்த்துத்தானே? நான் எழுதலை பாப்பா, டிப்போ எழுதியிருக்கு. இந்தா புடி."

இளஞ்சிவப்புத் தாளும் மீதி ஐந்து காசும் என் கைக்கு வந்தன. நான் மறுக்க வாயெடுத்தேன். மறுபடியும் பலகையைப் படித்தேன். 'பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட' என்றால் பன்னிரண்டைத் தொடாதவர்கள். 'பன்னிரண்டு வயது உட்பட' என்றால் பன்னிரண்டையும் சேர்த்துக்கொண்டவர்கள். ஓரெழுத்தும் ஒரு வேற்றுமை உருபும் உதிர்ந்துபோனதில் ஓராண்டு முழுவதும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. வாக்கியம் அழகில்லை, ஆனால் பொருளில் ஐயமில்லை. முழுச்சீட்டு ஆசை எனக்குப் பெரிதுதான். எழுதி மாட்டியதைவிடப் பெரிதன்று.

பாலத்தின் முனையில் என் தந்தை கையைக் காட்டினார். வண்டி நின்றது.

அதற்குமுன் தபால்காரர் ஒருவர் ரேடியோவிடம் தம் மைத்துனர் வீடு கட்டும் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூரை போடும் கட்டத்தில் கதை நின்றது. என் தந்தை முன்வாயிலில் தொடங்கி ஒவ்வொரு சீட்டையும் வாங்கி, பார்த்து, "சரி" என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்தார். இளஞ்சிவப்பைப் பார்த்தார். "சரி" வரவில்லை.

"எங்கே ஏறினீங்க?"

வீட்டில் நான் 'நீ'. வண்டிக்குள் நான் பயணி. பயணிக்கு அவர் 'நீங்க'வைத் தவிர வேறு சொல்லைப் பயன்படுத்தியதில்லை.

"தெருமுனையில."

"வயசு?"

"பன்னெண்டு."

"என்னிக்கு முடிஞ்சுது?"

"இன்னிக்கு."

எனக்குப் பக்கத்தில் துணிமூட்டையோடு அமர்ந்திருந்த சலவைக்கடை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, பெத்தவருக்கே தெரியலேன்னா ஊருல யாருக்குத் தெரியும்?"

தந்தை அவர் பக்கம் திரும்பவில்லை. ரேடியோவைப் பார்த்தார். "இந்தப் பயணிக்கு அரை டிக்கெட் கொடுத்தது யாரு?"

"நான்தான் சார். அந்த போர்டுல—"

"காரணம் அப்புறம். கொடுத்தீங்களா, இல்லையா?"

"கொடுத்தேன்."

தந்தை குறிப்புத் தாளை எடுத்தார். பலகைக்கு முதுகைக் காட்டி நின்றபடியே எழுதத் தொடங்கினார். ரேடியோவின் கை, பையின் வாரைப் பிடித்திருந்தது. விட்டால் பையோடு வேலையும் நழுவிவிடும் என்பதுபோல் இறுகியிருந்தது. மூன்றாவது குறிப்பு என்றால் என்ன என்று வண்டியில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

என் பின்னால் தபால்காரர் தணிந்த குரலில் சொன்னார்: "பாத்தீங்களா, சொந்தப் பொண்ணையே புழுவா மாட்டித் தூண்டில் போட்டிருக்காரு மனுஷன்."

ஒருவருடைய வேலை என் கையில் இருந்த தாளில் தொங்கியது. இன்னொருவருடைய பெயரும் அதில்தான் தொங்கியது. இரண்டாவது ஆள் என் தந்தை என்பதால் எனக்கு முதலாவதைவிட அதுவே முதலில் உறைத்தது, அதை மறைப்பதற்கில்லை.

"அப்பா—"

"வண்டியில யாரும் யாருக்கும் அப்பா இல்லை."

எழுந்து நின்றேன். அம்மா சொன்னபடி கூனாமல் நின்றேன். "ஐயா, எழுதுறதுக்கு முன்னாடி உங்களுக்குப் பின்னால இருக்கிற பலகையைப் படிச்சுப் பாருங்க."

பேனா நின்றது. அவர் திரும்பினார். உதடுகள் ஒவ்வொரு சொல்லாக அசைந்தன. 'உட்பட'வில் வந்து நின்றன. மறுபடியும் தொடக்கத்துக்குப் போயின.

"பெயிண்டர் தப்பாப் போட்டிருக்கான். இதுல என்ன இருக்கு?" என்றார் தபால்காரர். "எல்லாருக்கும் தெரிஞ்ச சட்டந்தானே? பன்னெண்டு ஆனா முழு டிக்கெட்."

"அதெப்படி?" சலவைக்கடை அக்கா மூட்டையை மடியிலிருந்து இறக்கினார். "நாளைக்கு என் மாமியார் உட்பட எல்லாரும் வீட்டை விட்டுக் கெளம்புறாங்கன்னு நான் சொன்னா, மாமியார் கெளம்புறாங்களா இல்லையா?"

"கெளம்பினாத்தான் உண்டு."

"அதைச் சொல்லலை ஐயா. சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"கெளம்புறாங்கன்னுதான் அர்த்தம்."

"அப்போ பன்னெண்டும் கெளம்பியாச்சு. உக்காருங்க."

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "சார், வண்டியை எடுக்கவா, இல்லை இலக்கணம் முடிஞ்சதும் எடுக்கவா?"

என் தந்தை எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "பலகை என்ன சொல்லுதுன்னு எனக்கும் புரியுது. ஆனா இதுல முடிவு சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் விட்டுட்டா, மகளுக்காக விட்டான்னு சொல்வீங்க. எழுதினா, பழைய பகைன்னு சொல்வீங்க." தபால்காரர் சன்னலுக்கு வெளியே ஏதோ இருப்பதுபோல் பார்த்தார். "மேலாளர் சொல்லட்டும்." பிறகு என்னிடம், "நாளைக்குப் பள்ளி முடிஞ்சதும் டிப்போவுக்கு வாங்க. சாட்சி சொல்லணும்" என்றார். இறங்கிப் போனார். பாலத்தின்மேல் வண்டி ஏறியபோதும் யாரும் கூரைக் கதையைத் தொடரவில்லை.

அன்று இரவு உணவின்போது அம்மா தொடங்கினார்.

"அந்த மனுஷனுக்கு வேலை போனா அவர் பொண்டாட்டி முகத்துல நான் எப்படி முழிக்கிறது? தண்ணிக் குழாய்ல தெனமும் பாக்கணும்."

"விசாரணையில இருக்கிறதை வீட்டுல பேசக் கூடாது" என்றார் தந்தை.

"அப்படியா? அப்போ குழம்பும் விசாரணை முடிஞ்சுதான்." பாத்திரம் அம்மா பக்கம் நகர்ந்தது.

"சாட்சி முன்னால இப்படியெல்லாம் நடந்துக்கக் கூடாது."

"சாட்சிக்கு ஊத்துறேன். உங்களுக்கு இல்லை."

அவர் வெறுஞ்சோற்றை உண்டு முடித்துக் கை கழுவினார். என்னிடம் அந்த இரவில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவோமோ என்று அஞ்சினார் என்பது எனக்கு அப்போதே விளங்கியது. அந்த மௌனத்தை அன்று அம்மா பிடிவாதம் என்றார். நான் வேறு சொல்லைத் தேடிக்கொண்டே தூங்கிப்போனேன்.

பணிமனையின் தரை எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. சுவரோரம் தேய்ந்த சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. மேலாளரின் அறையில் சீட்டுக் கட்டுகள் நிறவாரியாக அலமாரியில் இருந்தன. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. மேலாளருக்கு அன்று சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே குறிப்பைப் படித்தார். ரேடியோ கதவருகே நின்றார். சட்டைப் பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தார். அவரை அப்படிப் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. தந்தை சன்னலருகே நின்றார்.

"இதுக்கா இவ்வளவு பேரு?" மேலாளர் தாளை வைத்தார். "பாப்பா, நான் ஒண்ணு சொல்றேன். உனக்குப் பொறந்தநாள் நேத்து இல்லை, இன்னிக்கு. அவ்வளவுதான். நேத்து உனக்குப் பதினொண்ணு. அரை டிக்கெட் சரி. இவர் வேலை தப்பிச்சுது. உங்கப்பாவுக்கும் கெட்ட பேரு இல்லை. நானும் வீட்டுக்குப் போய் வெந்நீர் குடிப்பேன். என்ன?"

ரேடியோவின் முகம் மலர்ந்தது. "ஆமா பாப்பா, நேத்துன்னா என்ன, இன்னிக்குன்னா என்ன? பொறந்தது பொறந்ததுதானே!"

நான் தந்தையைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை அசைத்திருந்தால்கூடப் போதும். எப்படி வேண்டுமானாலும் அசைத்திருக்கலாம். அசைக்கவில்லை. ஒரே ஒரு பொய். அதைச் சொன்னால் ரேடியோ அந்த நொடியே பிழைப்பார். உண்மையைச் சொன்னால் பிழைப்பாரா என்பது தெரியாது. ஆறு பேர் சாப்பிடும் சம்பளம் என் நாக்கு நுனியில் இருந்தது.

"பொறந்தநாள் நேத்துதான் சார். அதை மாத்த முடியாது."

ரேடியோ கண்களை மூடிக்கொண்டார்.

"அப்போ இவருக்கு வேலை போகும். தெரியுமா?"

"எழுதியிருக்கிறபடி நடந்தவருக்கு வேலை எப்படி சார் போகும்? பன்னிரண்டு வயது உட்படன்னு போட்டிருக்கு. எனக்குப் பன்னெண்டு. நான் முழு டிக்கெட்தான் கேட்டேன். பலகையைக் காட்டித்தான் அவர் அரை கொடுத்தார்."

"சட்டப் புத்தகத்துல அப்படி இல்லையே."

"சட்டப் புத்தகத்தை வண்டியில மாட்டலையே சார். மாட்டினது பலகையை. படிக்கச் சொல்லி மாட்டிட்டு, படிச்சபடி நடந்தா தப்புன்னு சொன்னா, அப்புறம் யாரு எதைப் படிப்பாங்க?"

"அப்போ பலகையை வேலையை விட்டுத் தூக்கிடவா?"

"பலகையைச் சரின்னு சொல்லி மாட்டினது யாரு சார்?"

மேலாளர் பலமாகத் தும்மினார். புதிய வண்டியைப் பார்வையிட்டுக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான் என்பதை ரேடியோவின் முகத்திலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

"வாய்க்குப் பஞ்சமே இல்லை" என்றார் மேலாளர், தந்தையைப் பார்த்து. கோபமா சிரிப்பா என்று பிரித்தறிய முடியாத குரல். சளி அதை மூடிவிட்டது. "நீங்க என்ன சொல்றீங்க? நீங்கதானே எழுதினது?"

தந்தை மேசைக்கு அருகில் வந்தார்.

"என் ரிப்போர்ட்டுல ஒரு பிழை இருக்கு சார்."

"உங்க ரிப்போர்ட்டுலயா?" மேலாளர் கைக்குட்டையை இறக்கினார். இருபது ஆண்டுகளில் அவர் கேட்டிராத வாக்கியம் அது.

"'விதிக்கு மாறாக'ன்னு எழுதியிருக்கேன். பலகையைப் படிக்காம எழுதினது. வண்டியில ஏறினதும் பலகையைத்தான் நான் முதல்ல பாத்திருக்கணும். பாக்கலை. அந்தத் தொடரை அடிச்சுட்டு, பக்கத்துல என் கையெழுத்தைப் போடணும். அனுமதி கொடுங்க."

அடித்தார். ஒரே கோடு, அளவுகோல் வைத்ததுபோல் நேராக இருந்தது. கையெழுத்திட்டார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

"நேத்து நீங்க காரணம் சொல்ல வந்தீங்க. நான் பேச விடலை. அது என் ரெண்டாவது தப்பு."

ரேடியோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஊரெல்லாம் ஒலித்த அந்த வாய்க்கு அன்று ஓர் எழுத்துக்கூட அகப்படவில்லை. இரு கைகளையும் கூப்பவும் இல்லாமல் பிரிக்கவும் இல்லாமல் மார்புக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் தாங்கள் சரி என்று மெய்ப்பிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அது அத்தனை கடினமான கலை அன்று. தமக்குக் கீழே வேலை செய்பவர் முன்னால், தம் மகள் முன்னால், தம் தவற்றை எழுவாய் பயனிலையோடு முழு வாக்கியமாகச் சொன்ன ஒருவரை நான் பார்த்தது அன்றுதான். முதுகு வளையாமல் சொன்னார். வாசல் நிலை இடிக்கும் உயரம் அவருக்கு இல்லை. அன்று அந்த அறையை விட்டு வெளியேறும்போது அவர் குனிய வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

மேலாளர் தாளின் அடியில் எழுதினார்: நடத்துநர்மேல் தவறில்லை, பலகையை மாற்ற வேண்டும், மாற்றும்வரை அந்த வண்டியில் பலகையில் உள்ளபடியே கட்டணம். எழுதி முடித்து, "போதுமா? இதுல ஏதாவது க் விட்டுப் போயிருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

படித்துப் பார்த்தேன். "இல்லை சார்."

"அப்பாடா."

வீட்டு வாசலிலேயே அம்மா காத்திருந்தார். "என்ன ஆச்சு?"

"அவர்மேல தப்பு இல்லைன்னு ஆயிடுச்சு" என்றார் தந்தை. "தப்பு என்மேல."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். தையல் கூடத்தில் காஜாவை விளக்கொளியில் பிடித்து, நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். அன்று குழம்பு தந்தையின் தட்டிலிருந்து வழிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் உண்டார்.

ஓவியர் உடனே வரவில்லை. வேறு வண்டிகளுக்குத் தட எண்கள் எழுதுகிற வேலை அவருக்குக் குவிந்து கிடந்தது. இதற்கிடையில் செய்தி பரவியது. யார் பரப்பியது என்று கேட்கத் தேவையில்லை. குரல் திரும்பிவிட்ட ரேடியோவைத் தவிர வேறு யாருக்கு அந்த வீச்சு உண்டு? அந்தப் பகுதியில் பன்னிரண்டு வயது ஆன பிள்ளைகள் எல்லாரும் காலையில் அந்த ஒரு வண்டிக்காகக் காத்து நின்றார்கள். முன்னால் வந்த வண்டிகளை விட்டுவிட்டு நின்றார்கள். பதின்மூன்று வயதானவர்கள் சிலரும் கால்களை மடக்கிக் குட்டையாகி நின்றார்கள். அவர்களை ரேடியோ காதைப் பிடித்து முழுச்சீட்டு வாங்க வைத்தார். என் தந்தை பாலத்து முனையில் ஏறினால் முதலில் பலகையைப் படிப்பார், பிறகு சீட்டுகளை வாங்குவார். என் கையிலிருந்த இளஞ்சிவப்புத் தாளையும் வாங்கிப் பார்த்து, மற்றவர்களுக்குச் சொல்லும் அதே குரலில் "சரி" என்பார். மற்ற வண்டிகளில் நான் முழுச்சீட்டுதான் வாங்கினேன். அங்கே பலகை வேறு.

தபால்காரர் ஒருநாள் என் தந்தைக்கு இடம் கொடுத்து எழுந்து நின்றார். பரிசோதகர் பணியில் உட்காரக் கூடாது என்று தந்தை மறுத்துவிட்டார். ஆனாலும் தபால்காரர் அந்த இடத்தில் திரும்ப உட்காரவில்லை. தம் நிறுத்தம்வரை நின்றுகொண்டே வந்தார்.

என்னைக் கேட்டால், என் குழந்தைப்பருவத்தில் பேருந்துக் கட்டணம் குறைவு என்பதைவிட, அது எழுதியபடி வாங்கப்பட்டது என்பதைத்தான் நான் பெருமையாகச் சொல்வேன். எழுதியதில் பிழை இருந்தபோதும் எழுதியபடியே வாங்கினார்கள். அதற்கு வேண்டிய துணிவைச் சீட்டுக் கட்டோடு சேர்த்து யாரும் அச்சடித்துத் தருவதில்லை.

அந்த நாள்களில் வண்டி எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும்போது ரேடியோ படியில் தொங்கியபடி கூவுவார்:

"பன்னெண்டு உட்பட எல்லாரும் ஏறுங்க!"

நான் ஏறுவேன். அந்த வாக்கியத்தில் திருத்த ஒன்றும் இல்லை.